அப்பு என்னைப் பேசின நாள்

எங்கட தம்பி சூசை செத்த நாளில இருந்து அப்பு என்னைப் பேசுறதை விட்டிட்டார். ஒரு ஏச்சில்லை. ஒரு உறுக்கல் இல்லை. ஒண்டரை வருசம். இதுவும் ஒரு துன்பமோவெண்டு நீங்கள் சிரிப்பியள். சிரியுங்கோ, நானும் இப்ப சிரிக்கிறன். அப்ப எனக்கு விடியிறதே பிடிக்காமக் கிடந்தது.

என்ர பேர் பிலோமினா. முல்லைத்தீவுக் கரையில இருக்கிறம். மூண்டாம் வகுப்போட படிப்பை விட்டனான், பிழையிருந்தாப் பொறுங்கோ. கோயில்ல சாட்சி சொல்ல வாவெண்டு எங்கட பங்குச் சுவாமி கேட்டவர். எழும்பி நிண்டா எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வரும். அதால எழுதித் தாறன், ஆரும் வாசியுங்கோ.

முதல் அப்புவைப் பற்றிச் சொல்லவேணும். எங்களைப் பெத்த தகப்பன். கரைவலைக்காரர். கடலுக்க நிக்கிற தோணிக்குக் கரையில நிண்டு சத்தம் குடுக்கிற ஆள். வீட்டிலயும் அதே சத்தம்தான். கறியில உப்புக் கூடினாப் பேச்சு. குறைஞ்சாலும் பேச்சு. சரியா இருந்தா, "இண்டைக்கு மட்டும் எப்பிடியடி சரியா வந்தது?" எண்டு அதுக்கும் பேச்சு. "எடி பிலோ, உன்ர கண் என்ன பிடரியிலயோ கிடக்கு?" எண்டு அவர் கேட்டா, நாலு வளவு தள்ளியிருக்கிற சனமும் திரும்பிப் பாக்கும். தம்பி அவரைப் போலவே செய்து காட்டுவான். சாரத்தை மடிச்சுக் கட்டி, வயித்தைத் தள்ளிக்கொண்டு, "எடி பிலோ!" எண்டு. அப்பு அதைக் கண்டு அவனையும் பேசுவார். பேசிப்போட்டுத் தன்ர சோத்துக் கோப்பையில கிடக்கிற மீன்சினையை எடுத்து எங்கட ரெண்டு பேரின்ர கோப்பையிலயும் வைப்பார்.

தம்பிக்குப் பத்து வயசு. ஆனி மாசம், சோளகக் காத்து, கடல் நல்லா மீன் குடுக்கிற காலம். அவனுக்கு நெருப்புக்காய்ச்சல் வந்திட்டுது. பரியாரியார் மருந்து தந்து, குடல் புண்ணாக் கிடக்கு, கஞ்சித்தண்ணியைத் தவிர வேற ஒண்டும் வாயில வைக்கப்படாதெண்டு சொன்னவர். மூண்டு கிழமை கிடந்தான். காய்ச்சல் விட்டிட்டுது. எலும்பும் தோலுமாக் கிடந்துகொண்டு பசி பசியெண்டு கத்தினான். அம்மா கோயிலுக்குப் போன நேரம் என்ர கையைப் பிடிச்சான். "அக்கா, ஒரு துண்டுக் கருவாடு சுட்டுத் தா அக்கா. நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

நான் குடுத்தன். ஒரு பிடி புட்டும் குடுத்தன். அவன் தின்ற வடிவைப் பார்த்துக்கொண்டிருந்தன்.

அடுத்த நாள் காலமை வயித்துக்குத்து. மத்தியானம் போல மீன் லொறியில ஏத்தி வவுனியாவுக்கு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனம். ரெண்டாம் நாள் தம்பி எங்களை விட்டிட்டுப் போட்டான்.

அந்த லொறியில போகேக்க, புளியங்குளத்துக்குக் கிட்ட, நான் அப்புவின்ர காலைப் பிடிச்சு உண்மையைச் சொன்னனான். "அப்பு, நான்தான் கருவாடு குடுத்தனான்." அடிப்பாரெண்டு கண்ணை மூடிக்கொண்டிருந்தன். அவர் என்ர கையைத் தன்ர காலில இருந்து மெதுவா எடுத்து விட்டுப்போட்டு வெளியால பாத்தவர். அவ்வளவுதான்.

அதுக்குப் பிறகு கதைப்பார். தண்ணி கொண்டா எண்டுவார், கதவைச் சாத்து எண்டுவார். ஆனாப் பேசமாட்டார். நான் சோத்தைக் கருக்கி வைச்சாலும் கருகினதைத் திண்டிட்டு எழும்பிப் போவார். ஒருநாள் வேணுமெண்டே அவற்ற கண்ணுக்கு முன்னால புதுச்சட்டியைப் போட்டு உடைச்சன். குசினிக்குள்ள இருந்து அம்மா ஓடிவந்து பேசினா. அப்பு குந்தியிருந்து ஒவ்வொரு ஓடாப் பொறுக்கினார். "காலில குத்தப்போகுது, தள்ளி நில்" எண்டார், வேற வீட்டுப் பெட்டைக்குச் சொல்லுறது போல.

அண்டைக்கு எனக்குள்ள ஏதோ விழுந்துபோச்சு. சொந்தப் பிள்ளையைத்தானே பேசுவினம். வேத்துப் பிள்ளையை ஆர் பேசுவினம்? அப்ப நான் இனி அவருக்கு ஆர்?

அண்டையில இருந்து செபமாலை முடியிற நேரமெல்லாம் எனக்கு ஒரே ஒரு மண்டாட்டம். "மாதாவே, அப்பு என்னை ஒருக்காப் பேசவேணும். வாய் நிறையப் பேசவேணும்." வேற ஆக்கள் சுகம் கேப்பினம், மாப்பிள்ளை கேப்பினம். நான் பேச்சுக் கேட்டன். வெக்கத்தில இதை ஒருத்தருக்கும் சொல்லேல்லை.

அம்மாவிட்ட ஒரு நேர்த்தி கிடந்தது. தம்பி காய்ச்சலாக் கிடந்த நேரம், பிள்ளை சுகமானாக் குடும்பமா வேளாங்கண்ணிக்கு வாறமெண்டு மாதாவுக்கு நேந்தவா. பிள்ளைதான் போட்டானே, இனி என்னத்துக்கெண்டு சனம் கேட்டது. அம்மா விடேல்லை. "அவா தன்ர பங்கைச் செய்யேல்லையெண்டு நான் என்ர பங்கை விடுறதோ?" எண்டு சொன்னா. அப்பு ஓமெண்டும் சொல்லேல்லை, இல்லையெண்டும் சொல்லேல்லை.

அதுக்குள்ள வந்து பூந்தவர் மனுவல் மாமா. அம்மாவின்ர தம்பி. முல்லைத்தீவுக்கும் வவுனியாவுக்கும் கருவாட்டு லொறி ஓடுறவர். கலியாணம் கட்டாத ஆள், ஸ்ரேறிங்கைத்தான் கட்டியிருக்கிறார் எண்டு அம்மா சொல்லுவா. முந்தி அவரோட லொறியில வேலைக்கு நிண்ட ஒரு இந்தியாக்காரர் ராமநாதபுரத்தில அப்ப வாடகைக் கார் வைச்சிருந்தவர். மாமா அவருக்குக் காகிதம் எழுதினார். அவர், வாங்கோ, காரை ஒரு கிழமைக்குத் தாறன் எண்டு மறுகாகிதம் போட்டார்.

"ரயில்ல போய்க் கும்பிட்டிட்டு ரயில்ல வாறது ஒரு பயணமே அக்கா?" எண்டார் மாமா. "காரில போவம். நிண்டு நிண்டு, ஊரெல்லாம் பாத்துப் பாத்துப் போவம். மாதா என்ன மணிக்கூடு பாத்துக்கொண்டோ இருக்கிறா?"

அந்தத் தை மாசம் வெளிக்கிட்டம். தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன வருசமெண்டா உங்களுக்கு நினைவு வரும், அந்த வருசத்துத் தை. வாடைக் கடலில தொழில் இல்லை, அப்புவும் சும்மாதான் இருந்தார். மாமாவின்ர லொறியில வவுனியா, அங்கயிருந்து ரயில், தலைமன்னாரில கப்பல். பின்னேரம் தனுஷ்கோடியில இறங்கினம். நான் அதுக்கு முன்னம் வவுனியாவுக்கு அங்கால போனதில்லை.

அடுத்த நாள் ராமநாதபுரத்தில காரைக் கண்டம். கறுப்புக் கார். முன்கதவு ஒண்டு பூட்டுப்படாது. அப்பு தன்ர பைக்குள்ள இருந்து வலைக்கயிறை எடுத்து ஒரு முடிச்சுப் போட்டார், பிறகு ஒரு கிழமை அது ஆடேல்லை. மாமா ஏறியிருந்து கோர்னை அமத்தினார். அது மாடு கத்தின மாதிரி. அம்மா சிரிச்சா. தம்பி போனதுக்குப் பிறகு அம்மா பல்லுத் தெரியச் சிரிச்சதை நான் அண்டைக்குத்தான் கண்டனான்.

போற வழியில ஒரு சாப்பாட்டுக் கடை. மாமா பெரிய ஆள் மாதிரிப் போயிருந்து, "தம்பி, பாண் இருக்கோ? சுடச்சுடத் தேத்தண்ணியும் கொண்டாங்கோ. இந்தக் கதிரை ஆடுது, வேற போடுங்கோ" எண்டார்.

கடைக்காரர் எங்களை மேலயும் கீழயும் பாத்தார். "சாருக்கு மலையாளமா?"

மாமாவுக்கு வந்ததே கோவம். "ஓய், நாங்கள் தமிழர்! சுத்தத் தமிழர்!"

"பாத்தியா, கொஞ்சம் கொஞ்சம் தமிழும் வருது" எண்டு கடைக்காரர் உள்ளுக்க ஆருக்கோ சொன்னார்.

அம்மா சீலைத் தலைப்பால வாயைப் பொத்திக்கொண்டா. அப்புவின்ர மீசையும் ஒருக்கா ஆடினது போலக் கிடந்தது. நான் அவரையே பாத்துக்கொண்டிருந்தன்.

அந்த அஞ்சு நாளையும் எப்பிடிச் சொல்லுறது. காரைக்குடிப் பக்கம் ஒரு தெருவுக்குள்ள போனம், ஒரு வீட்டின்ர முன்வாசல் ஒரு தெருவில, பின்வாசல் மற்றத் தெருவில. "உதுக்குள்ள பெண்சாதியும் புருசனும் கோவிச்சா ஒரு மாசம் காணாமலே இருக்கலாம்" எண்டார் மாமா. புதுக்கோட்டை கடந்து தஞ்சாவூர். அங்க பெரிய கோயில். எங்கட சமயமில்லை, உள்ளுக்க போறதோ எண்டு அம்மா யோசிச்சா. "கட்டினவனை மெச்சலாம் தானே அக்கா" எண்டு மாமா இழுத்துக்கொண்டு போனார். நான் அண்ணாந்து பாத்தன், பாத்தன், பிடரி நொந்துபோச்சு. அவ்வளவு உயரத்துக்குக் கல்லு எப்பிடிப் போனது? வெய்யில் பட்டு அது தேன் நிறமாக் கிடந்தது. எனக்குத் தம்பியைக் காட்டவேணும் போல வந்தது. காட்ட ஆளில்லாம நிண்டு அழுதன். ஆனா அது நல்ல அழுகை. வடிவான ஒண்டைக் கண்ட அழுகை.

அதுக்கங்கால வயல். வயலெண்டா எங்கட பக்கத்து வயலில்லை, கண் போற தூரத்துக்கு வயல், முழுக்க விளைஞ்சு மஞ்சளாக் கிடக்குது. வெட்டுறவை பாடிப்பாடி வெட்டினம். ரோட்டில நெல்லைப் பரப்பி வைச்சிருப்பினம், மாமா அதுக்கு மேலால காரை விடப் பயந்து இறங்கிக் கேப்பார். "ஏறிப் போங்க, அது எங்களுக்கு மிதிக்கிற வேலை மிச்சம்" எண்டுவினம். கும்பகோணத்தில ஒரு கோப்பி குடிச்சம். அம்மா ரெண்டு குடிச்சா. மாமா நாலு குடிச்சிட்டு, இனி மாயவரம் மட்டும் கார் தன்ர பாட்டில பறக்குமெண்டார்.

அப்புவும் எங்களோடதான் வந்தவர். எல்லாம் பாத்தவர். ஆனா நான்? நான் பேச்சு வாங்க அலைஞ்சன். காருக்கு வெளியால கையை நீட்டிக்கொண்டு இருந்தன். ஒண்டும் சொல்லேல்லை. கும்பகோணத்துக் குளத்தில செருப்பொண்டை விட்டன். தன்ர செருப்பைக் கழட்டித் தந்தார். ஒரு இடத்தில அவற்ற சுருட்டுப் பெட்டியை வேணுமெண்டு யன்னலால விழுத்தினன். சுருட்டைத் தொட்டா முந்தி வீட்டுக்கூரை பறக்கும். மாமா காரை நிப்பாட்டினார். அப்பு இறங்கி, பின்னால நடந்துபோய், ஒவ்வொண்டாப் பொறுக்கி, மண்ணை ஊதி, வந்து ஏறியிருந்தார். "போ" எண்டார் மாமாவுக்கு. நான் முகத்தைக் கதவுப் பக்கம் திருப்பிக்கொண்டு இருந்தன். வயலெல்லாம் கண்ணுக்குள்ள கலங்கிப் போச்சு.

தரங்கம்பாடியில கடலைக் கண்டம். கரையோட வெள்ளைக்காரர் கட்டின பழைய கோட்டை, மஞ்சள் சுவர். மாமா கோட்டையைப் பாக்கப் போனார். அப்பு கோட்டையைத் திரும்பியும் பாக்கேல்லை. கரையில கரைவலை இழுக்கினம்! எங்கட மாதிரியே, ரெண்டு பக்கத்தாலயும் கயிறு பிடிச்சு. அப்பு ஒண்டும் கேக்கேல்லை, சாரத்தை மடிச்சுக் கட்டிப்போட்டுப் போய்க் கயிறில பிடிச்சார். அவங்களும் ஒண்டும் கேக்கேல்லை, கொஞ்சம் தள்ளி இடம் விட்டாங்கள். முன்னுக்கு நிண்ட கிழவர் தன்ர பாட்டுக்கு வலை இழுக்கிற அம்பாப்பாட்டு எடுத்தார், எங்கட அப்பு தன்ர அம்பாவை எடுத்தார், சொல்லு வேற, இழுவை ஒண்டு. வலை ஏறினது. அப்பு சேர்ந்து சிரிச்சார். ஒரு கை நிறைய மீன் குடுத்தாங்கள், சட்டியில்லாம நாங்கள் அதை என்ன செய்யிறது, அம்மா பக்கத்து வீட்டில குடுத்துப் பொரிச்சு வாங்கினா.

காரைக்கால், நாகப்பட்டினம் கடந்து, அடுத்த நாள் காலமை பத்து மணி போல வேளாங்கண்ணி.

மாதாவுக்கு முன்னால முழங்காலில நிண்டன். பக்கத்தில அம்மா, ஊரில இருந்து கொண்டுவந்த தம்பியின்ர சட்டையைக் கையில வைச்சுக்கொண்டு நிண்டா. நான் வேற ஒண்டும் கேக்கேல்லை. வாய்விட்டுத்தான் கேட்டன், அழுகையில எனக்குத் தெரியேல்லை. "தாயே, அப்பு பேசவேணும். ஒருக்கா எண்டாலும் பேசவேணும்."

வெளியால வந்து சுவரோட இருந்தன். எனக்குப் பின்னால நிண்டு செபம் செய்த ஒரு அக்கா என்னைத் தேடி வந்தா. தஞ்சாவூர்ப் பக்கம். நல்ல உடம்பு, தலைநிறையப் பூ. என்ர தோளில கைபோட்டா.

"ஏம்மா இப்படி அழுவுற? உங்க அப்பா பேசமாட்டாரா?"

எனக்கு நெஞ்சு உருகிப்போச்சு. ஒண்டரை வருசம் என்ர அம்மாவுக்கே விளங்காதது, இந்த அக்காவுக்கு ஒரு சொல்லில விளங்கிட்டுது!

"இல்லை அக்கா. பேசமாட்டார்."

"பொறவியிலேருந்தேவா?"

"இல்லை அக்கா! முந்தி நல்லாப் பேசுவார். ஊருக்கே கேக்கும். தம்பி செத்ததில இருந்து ஒரு சொல்லுப் பேசேல்லை."

"அட கடவுளே! அதிர்ச்சியில அடைச்சுப் போயிருக்கும். வைத்தியம் பாத்தீங்களா?"

இதுக்கென்ன வைத்தியமெண்டு எனக்கு ஒரு கணம் யோசினை. ஆனாலும் அந்த ஊர் முறை எப்பிடியோ. "இல்லை அக்கா, மாதாதான் வைத்தியம்" எண்டு, தள்ளியிருந்த அப்புவைக் கையால காட்டினன். அக்கா என்னைக் கட்டிப்பிடிச்சு, "பேசுவாரும்மா, இன்னைக்கே பேசுவாரு. நீ பாரு" எண்டு எழும்பிக் கடைப்பக்கம் விறுவிறெண்டு போனா.

உங்களுக்கு விளங்கியிருக்கும். எனக்கு விளங்கேல்லை. எங்களுக்குப் பேசுறதெண்டா ஏசுறது. அவைக்குப் பேசுறதெண்டா கதைக்கிறது. அந்த அக்கா எங்கட அப்பு ஊமையெண்டு நினைச்சிட்டா.

அங்க கடையளில வெள்ளித் தகட்டில அடிச்ச உருவெல்லாம் விக்கினம். கண் நோவெண்டா கண், கால் நோவெண்டா கால், வாங்கி மாதாவுக்குக் குடுப்பினம். அக்கா ஒரு நாக்கு வாங்கிக்கொண்டு வாறா. சிவப்பு நூலில கட்டின, விரல் நீளத்தில ஒரு வெள்ளி நாக்கு. நேர அப்புவிட்டப் போறா. அப்பு மாமாவோடயும் அம்மாவோடயும் மர நிழலில இருந்து சுருட்டுப் பத்தப்போறார். அக்கா அவற்ற முகத்துக்கு நேர குனிஞ்சு, தன்ர வாயைத் துறந்து, நாக்கை நீட்டி, அதை விரலால தொட்டுக் காட்டுறா. பிறகு வானத்தைக் காட்டுறா. பிறகு கும்பிடுறா.

மாமா பாத்தார். "என்ன அக்கா, பசிக்குதோ?"

அக்கா மாமாவைக் கணக்கெடுக்கேல்லை. அப்புவின்ர காதுக்குக் கிட்ட வந்து கத்தினா. "ஐயா! காது கேக்குதா? கவலப்படாதீங்க! இத மாதா காலடில போடுங்க! நாக்கு வந்துரும்! உங்க பொண்ணு எல்லாம் சொல்லிச்சு!"

அக்கா அவற்ற கையில திணிச்ச தகட்டை அப்பு பாத்தார். திருப்பிப் பாத்தார். பிறகு என்னைப் பாத்தார். மீசை மேல போச்சு. அந்த மீசை அப்பிடிப் போய் ஒண்டரை வருசம்.

"எடி பிலோ!"

நான் சுவரை விட்டு எழும்பினன்.

"ஆரடி இந்த மனிசிக்கு எனக்கு நாக்கில்லையெண்டு சொன்னது? விசரி! பெத்த தகப்பனை ஊமையெண்டு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியிறியோ? உனக்கு மூளை மண்டைக்குள்ள கிடக்கோ, இல்லாட்டிக் கடலில விட்டிட்டு வந்தனியோ? கையை வெளியால நீட்டுறாய், செருப்பை விடுறாய், என்ர சுருட்டைத் தூக்கி ரோட்டில எறியிறாய், எனக்குக் கண் தெரியாதெண்டோ நினைச்சனி? எல்லாம் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்! இருபது வயசுக் குமர், ஒரு அறிவில்லை, மூதேவி!"

கோயில் வளவு முழுக்கக் கேட்டது. புறா எல்லாம் எழும்பிப் பறந்தது.

அக்கா தொப்பெண்டு முழங்காலில விழுந்தா. "மாதாவே! பேசிட்டாரு! ஊமை பேசிட்டாரு!"

சனம் ஓடி வந்தது. ஒரு மனிசன் செருப்பைக் கழட்டிப்போட்டுக் கும்பிட்டார். ஒருத்தி தன்ர பிள்ளையைத் தூக்கி அப்புவின்ர கையில வைச்சா. அப்பு பிள்ளையையும் பிடிச்சுக்கொண்டு, "நான் ஊமையில்லை! நான் எப்பவும் கதைக்கிறனான்!" எண்டு கத்துறார்.

"என்ன சொல்றாரு?"

"எப்பவோ கதை சொன்னாராம்."

"புரியலையே."

"ஊமையா இருந்தவரு, வாயத் தொறந்ததும் மலையாளம் பேசுறாருய்யா! எப்பேர்ப்பட்ட அற்புதம்!"

மனுவல் மாமா மண்ணில இருந்து, ரெண்டு கையாலயும் வயித்தைப் பிடிச்சுக்கொண்டு உருளுறார்.

நான் அப்புவின்ர காலில போய் விழுந்தன். "இன்னும் பேசுங்கோ அப்பு. நிப்பாட்டாதேங்கோ. இன்னும் பேசுங்கோ." நான் சிரிக்கிறன், அழுகிறன், மூக்கால ஓடுது. அப்பு என்னைக் குனிஞ்சு பாத்தார். பிள்ளையைத் தாயிட்டக் குடுத்தார். அவற்ற முகம் உடைஞ்சுபோச்சு. "எழும்படி" எண்டு என்ர தோளைப் பிடிச்சுத் தூக்கிக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடந்தார்.

கடற்கரையில ரெண்டு பேரும் இருந்தம். அவர் ஒரு சுருட்டை எடுத்து, பத்தாமலே திரும்பப் பெட்டிக்குள்ள வைச்சார். பிறகு நான் கேக்காமலே சொன்னார்.

"உன்னில கோவத்தில பேசாம இருந்தனெண்டோ நினைச்சனி?"

"ஓம் அப்பு."

"அண்டைக்கு விடியவே அவனுக்கு வயித்துக்குத்து வந்திட்டுது. கொம்மா லொறியை மறிக்கச் சொன்னவா. நல்ல பாடு பட்டிருந்தது, வலை நிறைய மீன். நான்தான் சொன்னனான், வலையை ஏத்திப்போட்டுப் போவமெண்டு. மத்தியானமாப் போச்சு. ஆஸ்பத்திரியில டொக்டர் என்னைத் தனியக் கூப்பிட்டுச் சொன்னவர், காலமை கொண்டுவந்திருந்தா ஏதும் பாத்திருக்கலாமெண்டு. நான் உங்கள் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. நீ லொறியில என்ர காலைப் பிடிச்சு அழுதாய். அதுக்குப் பிறகு நான் என்ன வாயோட உன்னைப் பேசுறது பிள்ளை?"

"நான் குடுத்த கருவாடு அப்பு..."

"சும்மா இரு. பசிச்ச பிள்ளைக்குக் குடுத்தனி."

அவர் அழுதார். நான் அதுக்கு முதல் அவர் அழுது கண்டதில்லை. அவர் தன்ர பாரத்தோட ஒரு பக்கம், நான் என்ர பாரத்தோட ஒரு பக்கம், ஒரே வீட்டுக்குள்ள ஒண்டரை வருசம் இருந்திருக்கிறம். அவர் என்னைப் பேசாமல் இருந்தது என்னைப் பிள்ளையில்லையெண்டு தள்ளி இல்லை. தன்னைத் தகப்பனில்லையெண்டு தள்ளி. தம்பி எதால போனான், என்ர கருவாட்டாலயோ, அப்புவின்ர வலையாலயோ, இப்பவும் எங்களுக்குத் தெரியாது. அந்தக் கேள்வியை ரெண்டு பேரும் அந்தக் கரையில வைச்சு மாதாவிட்டக் குடுத்திட்டம். சிலநாள் அது திரும்பி வரும். வந்தா இப்ப ரெண்டு பேரும் சேர்ந்து தூக்கிறம்.

திரும்பிப் போய் அந்த அக்காவுக்கு உண்மையைச் சொன்னன். எங்களுக்குப் பேசுறதெண்டா திட்டுறது அக்கா, அப்பு ஊமையில்லை எண்டு. அவா என்னை ஒரு பார்வை பாத்தா. "அப்ப நீ இவ்வளவு நேரமும் திட்டு வாங்கவா அழுத?" எண்டு கேட்டா. ஓமெண்டன். அவாவுக்குக் கண் நிறைஞ்சிட்டுது. "எங்கப்பா இருந்தப்ப என்னையும் நல்லா திட்டுவாரும்மா" எண்டா. அந்த வெள்ளி நாக்கை அப்பு தன்ர கையாலயே மாதாவுக்குக் குடுத்தார். தம்பியின்ர சட்டையை அம்மா வாசலில நிண்ட ஒரு பிள்ளைக்குப் போட்டுவிட்டா. அளவாக் கிடந்தது.

ஆனாலும் அந்தச் சனத்துக்கெல்லாம் உண்மை சொல்ல எங்களால முடியேல்லை. வேளாங்கண்ணியில ஊமை பேசினவரெண்டு உங்களில ஆரும் கேள்விப்பட்டிருந்தா, அது எங்கட அப்பு. அவர் ஊமையில்லை. சாட்சியில பொய் இருக்கப்படாது. ஆனா அற்புதம் நடக்கேல்லையெண்டும் நான் சொல்லமாட்டன். அந்தச் சனம் கண்ட அற்புதம் வேற, எனக்கு நடந்தது வேற. கேட்டதை அப்பிடியே தந்தா மாதா. வாய் நிறையக் கேட்டன், வாய் நிறையத் தந்தா.

திரும்பி ராமநாதபுரம் வரும் மட்டும் அப்பு காருக்குள்ள மாமாவைப் பேசினார், ரோட்டைப் பேசினார், என்னைப் பேசினார். ஒண்டரை வருசத்து மிச்சம். அம்மா காதைப் பொத்தினா. நான் பின்சீற்றில ராசாத்தி மாதிரி இருந்து வந்தன்.

அந்த வருசம் மார்கழியில புயல் அடிச்சது உங்களுக்குத் தெரியும். எங்கட வீட்டுக்கூரை போச்சு, கடல் வளவுக்குள்ள வந்திட்டுது. கோயிலுக்குப் போனாத்தான் தப்பலாம். மழையும் மண்ணும் கண்ணுக்குள்ள அடிக்குது, கையை நீட்டினா என்ர கையே தெரியேல்லை. அம்மாவை நான் பிடிச்சிருக்கிறன், அப்பு முன்னால போறார். அவரைக் காணேல்லை. சத்தம்தான் வருது. "எடி பிலோ, உன்ர கால் என்ன மரமோ, கெதியா வாவனடி! கொம்மாவை விட்டியோ, தோலை உரிப்பன்! இந்தப் பக்கமடி, விசரி, இந்தப் பக்கம்!" அவ்வளவு காத்துக்குள்ளயும் அந்தப் பேச்சு எனக்குக் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கயிறு மாதிரிப் பிடிச்சுக்கொண்டு நடந்தன். எங்களுக்குப் பின்னால பக்கத்து வீட்டுச் சனமும் அதைக் கேட்டுத்தான் வந்ததெண்டு பிறகு சொன்னவை. கோயில் கதவுக்குள்ள கால் வைச்சாப் பிறகுதான் அவர் வாயை மூடினவர். ஒண்டரை வருசம் அடைஞ்சு கிடந்த அந்த வாய் துறக்காமலே இருந்திருந்தா நாங்கள் எந்தப் பக்கம் போயிருப்பம்?

எனக்குத் தம்பி இல்லாத துக்கம் தீரேல்லை. தீருமெண்டும் நான் கேக்கேல்லை. ஆனா எங்கட வீட்டில இப்ப சத்தம் இருக்கு. அதுக்காக ஒவ்வொரு நாளும் மாதாவுக்கும் அவாவின்ர மகனுக்கும் தோத்திரம் சொல்லுறன்.

இதை வாசிக்கிற, கேக்கிற சகோதரங்களே. உங்கட வீட்டிலயும் ஆரும் இப்பிடி வாயை மூடிக்கொண்டு இருந்தா, அவர் உங்களை வெறுக்கிறாரெண்டு முடிவு கட்டாதேங்கோ. அவற்ற நெஞ்சுக்குள்ள என்ன கிடக்கெண்டு உங்களுக்குத் தெரியாது, கடவுளுக்குத் தெரியும். கடவுளிட்டப் போய்க் கேளுங்கோ. சின்ன விசயம், வெக்கமான விசயமெண்டு பாக்காதேங்கோ. பேச்சு வேணுமெண்டாலும் கேளுங்கோ. உங்கட சொல்லு மற்ற மனிசருக்குப் பிழையா விளங்கினாலும், அவருக்குச் சரியா விளங்கும்.